உன் கைக்குக் கத்தி ஆகும்

இல்லை, மொண்ணைக் கத்தி பாதுகாப்பே இல்லை. ஒரு வீட்டில் இருக்கிற கத்திகளிலேயே ஆளைக் கடிப்பது அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். "அப்பா, ரூம்ல ஆளுக்கு ஒருநா சமைக்கணும்ங்கிறாய்ங்க. எனக்குக் கத்தி ஆகாதுன்னு சொல்லியும் விட மாட்டேங்கிறாய்ங்க. கைய வெட்டாத மாதிரி மொண்ணையா ஒரு கத்தி இருந்தாச் சொல்லுங்க" என்றாய். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவன், பெற்ற மகன் கேட்ட கத்திக் கேள்விக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நடுவில் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஒரு கத்தி போதாது, ஐந்தும் வேண்டாம். மூன்று. மூன்றையும் நானே வாங்கி, பிடிக்க வேண்டியதற்குச் சாணை பிடித்து, புனேக்குப் பார்சல் போடுகிறேன். பிரித்ததும் பெரியதை முதலில் கையில் எடு. மணிக்கட்டில் இருந்து நடுவிரல் நுனி வரை நீளம் இருக்கும், நல்ல அகலம். முட்டைக்கோஸ், பூசணிக்காய், பல்லாரி வெங்காயம், கீரைக்கட்டு எல்லாம் அதற்கு. அதை அழுத்தாதே. அதன் கனமே பாதி வேலையைப் பார்த்துவிடும், நீ முன்னும் பின்னும் ஓட்டினால் போதும். பூண்டை உரிக்கச் சோம்பலாக இருந்தால் அதே கத்தியைப் படுக்கப் போட்டு உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டு, தோல் தானாகக் கழன்றுவிடும். அடுத்தது உன் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கத்தி. இஞ்சித் தோல் சீவ, உருளைக்கிழங்கில் கண் தோண்ட, கத்தரிக்காயில் புழு இருக்கும் இடத்தை மட்டும் எடுக்க. அதாவது காயைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு எல்லாம் அது. பெரிய கத்தியை வைத்து இஞ்சி சீவுகிறவனைப் பார்த்தால் கையில் இருந்து பிடுங்கிவிடுவேன். மூன்றாவது ரம்பம் மாதிரிப் பல் வைத்தது. அது தக்காளிக்கும், அங்கே கிடைக்கிற பாவ் ரொட்டிக்கும். நன்றாகப் பழுத்த தக்காளியின் தோல் வழுக்கும், உள்ளே தண்ணீர். சாதாரணக் கத்தி கொஞ்சம் கூர் குறைந்திருந்தாலும் தோலில் வழுக்கி, பழத்தை நசுக்கி, சாற்றைச் சட்டையில் அடிக்கும். பல் இருந்தால் தோலைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டிக்கும் அதே கதைதான். இதைச் சாணை பிடிக்கக் கொடுக்காதே, பல்லை எல்லாம் தேய்த்துக் கையில் கொடுத்துவிடுவான்.

கறிக்கு நாலாவது வேண்டாமா என்று கேட்பாய். வேண்டாம். எலும்போடு இருக்கிற எதையும் கறிக்கடையிலேயே வெட்டி வாங்கு. எலும்பு வெட்டுகிற கத்தி இரண்டு கிலோ கனம், அதற்கு ஒரு புளியமரக் கட்டை வேண்டும், நீங்கள் நாலு பேர் மூன்றாவது மாடியில் இருக்கிறீர்கள். கீழ்வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிட்டுவிடுவான்.

போலீஸ் என்றதும் நினைவு வருகிறது. இந்த மூன்று என்ற எண்ணிக்கையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ஒரு போலீஸ்காரர்தான். நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டேன் என்பது உனக்குத் தெரியும். உன் தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவர் மகன் படிப்பை விட்டான் என்பதைத் தெருவே பேசியது. நான் ஓரிடத்தில் உட்காருகிற ஆள் இல்லை. அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் எட்டு மாதம், ஷேர் ஆட்டோ ஒரு வருஷம், பிறகு கல்யாணச் சமையல். சமையலில் சேர்ந்த முதல் மாதமே நாலு கத்தி வாங்கினேன். நாலும் பெரிது, நாலும் ஒரே அளவு. பார்க்கக் கம்பீரமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். நாலையும் பேப்பரில் சுற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, சமயநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பை கிழிந்து ஒரு கத்தியின் மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியாது. ஏட்டு ஒருவர் வந்து தோளைப் பிடித்தார்.

"யாரப் போடப் போற?"

"வெங்காயத்த, சார்."

அவர் சிரிக்கவில்லை. பேப்பரைப் பிரித்தார். நாலையும் பெஞ்சில் வரிசையாக வைத்தார்.

"சமையக்காரன்ங்கிற. சமையக்காரன் கத்தின்னா ஒண்ணு பெருசா இருக்கும், ஒண்ணு சிறுசா இருக்கும், ஒண்ணு பல்லு வச்சிருக்கும். இது நாலும் ஒரே சைசுல இருக்கு. நாலு பேரு வாரீங்களோ?"

பக்கத்தில் இருந்த பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போய், ஒரு பேசின் நிறைய வெங்காயத்தை என் முன்னால் வைத்து வெட்டச் சொன்னார். வெட்டினேன். கண்ணில் தண்ணீர், பஸ் போகிறதே என்ற பதற்றம், கையில் தேங்காய் உடைக்கிற அளவுக்குக் கத்தி. ஒரு துண்டு விரல் கனத்துக்கு வந்தது, அடுத்த துண்டு காகிதம் மாதிரி வந்தது. பரோட்டா மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவன் ரவுடியும் இல்ல, சமையக்காரனும் இல்ல. பாவம், விட்டுருங்க" என்றார். ஏட்டு அப்போதுதான் சிரித்தார், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மறுவாரமே மூன்று கத்தியைக் கடையில் திருப்பிக் கொடுத்து, சின்னது ஒன்றும் பல் வைத்தது ஒன்றும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு எந்தப் போலீஸ்காரரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீயும் பார்சலைப் பிரித்ததும் அளவு வித்தியாசத்தைப் பார்த்துக்கொள், எந்த வேலைக்கு எது என்று கையே சொல்லும்.

இன்னும் சில விஷயம். பீன்ஸ், கொத்தவரங்காய், முருங்கைக்காய் இதற்கெல்லாம் கத்தியே தேவையில்லை, கையால் ஒடித்தால் நாரும் கூடவே வந்துவிடும். நெத்திலிக்கு உன் கட்டைவிரல் நகம் போதும். வாழைக்காய் வெட்டுவதற்கு முன்னால் கத்தியிலும் கையிலும் கொஞ்சம் எண்ணெய் தடவு, இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு நாலு நாள் போகாது. வெட்டியதை உடனே தண்ணீரில் போடு. சேனைக்கிழங்கு வாங்கினால் பெரிய கத்தி, கையில் புளித்தண்ணீர் தடவிக்கொள், அரிக்காது. எலுமிச்சை, மாங்காய் இவற்றை இரும்புக் கத்தியால் வெட்டாதே, கறுத்துப் போகும். நான் அனுப்புவது மூன்றும் சில்வர்தான், பயப்படாதே. காயைப் போட்டு வெட்டப் பலகை ஒன்றும் வைத்திருக்கிறேன். எவர்சில்வர் தட்டில் வைத்து வெட்டாதே, சமையல் மேடைக் கல்லிலும் வெட்டாதே, கூர் ஒரே வாரத்தில் போய்விடும். பலகைக்கு அடியில் ஈரத் துணியை விரி, நகராது. கூர் குறைகிற மாதிரி இருந்தால் பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பாக இருக்கிற வட்டத்தில் பத்துத் தடவை தேய். கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதே. இரண்டடி பின்னால் போ, விழட்டும். சோப்புத் தண்ணீர் நிற்கிற தொட்டிக்குள் கத்தியைப் போடாதே. பாத்திரம் விளக்குகிற முறை உன்னுடையது என்று சொன்னாய், அதனால் இதை உன் ரூம் பசங்களிடமும் கத்திச் சொல்லிவிடு.

சரி. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இடம் வந்துவிட்டது.

உனக்கு ஆறு வயது. டிசம்பர் மாதம். அம்மா கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சிக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். மறுநாள் ஒரு நிச்சயதார்த்தச் சமையல். நானும் என்னோடு வேலை பார்த்த சேகரும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேரட் வெட்டிக்கொண்டிருந்தோம். நீ வந்து நானும் வெட்டுகிறேன் என்று நின்றாய். சேகர் வேண்டாம் மாப்ள, சின்னப்பய என்றான். எனக்கு வீம்பு. என் மகன் ஆறு வயதில் கத்தி பிடிப்பதை இவன் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒரு கத்தியை எடுத்துக் கொல்லைப்பக்கம் போய், சிமென்ட் படியில் அதன் கூரைத் தேய்த்தேன். பேப்பர் கூட வெட்டாத அளவுக்குத் தேய்த்தேன். இனி ஒன்றும் ஆகாது என்று அதை உன் கையில் கொடுத்தேன். உன்னை ஸ்டூல் மேல் நிற்க வைத்து, முன்னால் மேசையில் ஒரு முழுக் கேரட்டையும் வைத்தேன்.

கூர் இல்லாத கத்தி காயில் இறங்காது. இறங்கவில்லை. நீ அழுத்தினாய். அப்போதும் இறங்கவில்லை. உன் உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தாய். கேரட் உருண்டது, கத்தி உன் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கியது. கூர்க் கத்தி என்றால் கோடு மாதிரி வெட்டியிருக்கும். இது கிழித்தது. ஐந்து தையல். அந்த விரல் நுனியில் இன்றைக்கு வரைக்கும் உனக்கு உணர்ச்சி சரியாக இல்லை என்பதும், இடது கையால் போனைத் தடவும்போது நடுவிரலால்தான் தடவுகிறாய் என்பதும் நான் பார்க்காமல் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அம்மா ஓடி வந்தாள், பாட்டுப் புத்தகம் கையிலேயே இருந்தது. அவளுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்.

"யாரு இவன் கையில கத்தியக் குடுத்தது?"

"நான் பாக்கல," என்றேன். "அவனே எடுத்துருக்கான்."

நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். சேகர் சுவரைப் பார்த்தான். அம்மா உன் முதுகில் ஒன்று வைத்தாள், பயத்தில் வைத்த அடி. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ அவளிடம் சொன்னாய்: "இனிமே எடுக்க மாட்டேம்மா."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால், காரணம் சின்னது. படிப்பை விட்டவன், ஒர்க்ஷாப்பை விட்டவன், ஆட்டோவை விட்டவன் என்று உன் அம்மாவின் பிறந்த வீட்டில் என்னைப் பற்றி ஒரு பட்டியல் இருந்தது. சமையலில் நிலைத்து நின்ற பிறகுதான் அம்மா அந்தப் பட்டியலைச் சொல்வதை நிறுத்தியிருந்தாள். அதில் இன்னொன்று சேர வேண்டாம் என்று நினைத்தேன். அதற்கு உன்னை விற்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன், நாளைக்கு என்பது பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. நடுவில் சேகர் திருப்பூர் போனான். போகிற அன்றைக்கு, தங்கச்சியிடம் (உன் அம்மாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்) சொல்லிவிட்டாயா என்று கேட்டான். சொல்லிட்டேன்டா என்றேன். அதுவும் பொய்.

இவன் கைக்குக் கத்தி ஆகாது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். உன் பிறந்தநாளுக்கு நீ மெழுகுவர்த்தியை ஊதுவாய், பிளாஸ்டிக் கத்தி என்றாலும் கேக்கை அவள்தான் வெட்டுவாள். போட்டோ எல்லாவற்றிலும் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாய், எடுத்துப் பார். பத்தாவதில் அவ்வளவு மார்க் வாங்கிவிட்டு, தவளையை அறுக்கச் சொல்வார்கள் என்று சயின்ஸ் குரூப்பே வேண்டாம் என்றாய். வாத்தியார் வீட்டுக்கு வந்து கேட்டார். நீயே சொன்னாய், எனக்குக் கத்தி ஆகாது சார் என்று. சிலருக்குச் சில மருந்து சேராது என்று சொல்வது போலச் சொன்னாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ தாளிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன், அடுப்புக் கூடப் பற்ற வைக்கவில்லை. இன்றைக்கு நல்ல வேலையில்தான் இருக்கிறாய், அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் உன் முன்னால் இருந்த ஒரு கதவை நான் சாத்தினேன். காற்றில் சாத்திக்கொண்டது என்று உன்னையும் நம்ப வைத்தேன்.

உனக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு, நீதான் எடுத்தாய் நீதான் எடுத்தாய் என்று எல்லாரும் சொன்னால், எடுத்ததாகவே நினைவாகிவிடும். உனக்கு அப்படி ஆகியிருந்தால் எனக்கு அது ரொம்ப வசதி. அதனால்தான் எழுதுகிறேன். நீ எடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

இனி இதைக் கவனமாகப் படி, சமையல்காரனாகச் சொல்கிறேன். அன்றைக்கு உன் கை ஒரு தப்பும் செய்யவில்லை. கத்தி மொண்ணை. கேரட் உருண்டை. ஸ்டூல் உயரம் பத்தாது, அதனால்தான் நீ சாய்ந்தாய். பக்கத்தில் நின்றவன் முட்டாள். அந்த நாலும் அப்படியே இருந்தால், இன்றைக்கு என் கை இருந்தாலும் வெட்டும். இனி நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை உன் முறை வரும்போது முதலில் கேரட்டையே எடு. முழுதாக வெட்டாதே. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் பலகையில் படுகிற மாதிரிக் கவிழ்த்து வை. தட்டையாக இருப்பது உருளாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பீட்ரூட், எது உருண்டாலும் முதலில் அதைப் பாதியாக்கிப் படுக்கப் போடு. இடது கை விரல்களை உள்ளே மடக்கி, நகத்தை மறைத்து, முட்டியைக் கத்திக்குச் சாய்மானமாகக் கொடு. கத்தி முட்டியில் உரசிக்கொண்டு இறங்கும், விரலுக்கு வரவே வராது. உணர்ச்சி குறைந்த அந்த விரலை நடுவிரலுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள். பத்துத் துண்டு மெதுவாக வெட்டு. பதினோராவது துண்டில் நீயே சிரிப்பாய். அடுத்த முறை பையன்கள் கேட்டால் கத்தி ஆகாது என்று சொல்லாதே, வெட்டத் தெரியாது என்று சொல். தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம்.

காலையில் பார்சலுக்கு அட்டைப் பெட்டி தேடிப் பரணில் ஏறினேன். கிறிஸ்மஸ் ஸ்டார் வைத்திருக்கிற பெட்டிக்குப் பின்னால் பழைய சேலைத் துணியில் ஒரு பொட்டலம். பிரித்தால் அந்தக் கத்தி. அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். லேசாகத் துரு. சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கூர் இருந்த பக்கம் முழுவதும் குறுக்கே குறுக்கே கீறல், சிமென்டில் தேய்த்த கீறல். கத்தி வெட்டி வெட்டி மழுங்கினால் அப்படி வராது. யாரோ வேண்டுமென்று தேய்த்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆபீசில் ஒரு எழுத்துப் பிழையைப் பத்தடி தூரத்தில் இருந்து பிடிக்கிறவள் உன் அம்மா. அவள் இதைத் துணியில் சுற்றும்போது பார்த்தாளா, பார்த்தும் பேசாமல் இருந்தாளா, இல்லை ரத்தம் பட்ட கத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வைத்தாளா? கத்தி பற்றி நீ எதைக் கேட்டாலும் சொல்வேன். இது ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

உனக்கு வாங்கியதில் இரண்டுக்குச் சாணை பிடித்தபோது இதையும் பிடித்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை, கீறல் எல்லாம் போயிருக்கும். பிடிக்கவில்லை. அப்படியே சாப்பாட்டு மேசையில், நடுவில் வைத்திருக்கிறேன். முதலில் அவளிடம் சொல்லிவிட்டுப் பிறகுதான் இதற்குக் கூர் வைப்பேன், வைத்து உனக்கே அனுப்புவேன். நல்ல இரும்பு அது. கெட்ட கத்தி இல்லை, கெடுக்கப்பட்டது. இந்தக் கடிதத்தையும் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை, அவள் படித்த பிறகுதான் உனக்கு வரும். இன்றைக்கும் கோவிலில் பாட்டுப் பயிற்சிதான். ஆறு மணிக்கு வருவாள்.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுகிறாள். மேசையைப் பார்த்துவிட்டாள். பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுக்கிறாள், கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவுகிறாள். என்னைப் பார்க்காமலே கேட்கிறாள்.

"இத யாருங்க பரண்ல இருந்து எறக்குனது?"

நான் போகணும்டா. பேனாவை வைக்கிறேன்.